வரிசையில் நின்ற முப்பது வயதுக்காரர்



இன்று ஆண்டவரின் திருமுழுக்கு விழா. சற்றுமுன் வாசித்த நற்செய்தி லூக்கா மூன்றாம் அதிகாரத்தின் 22-ஆம் வசனத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தை எடுத்து அடுத்த வசனத்தையும் பாருங்கள். பணி தொடங்கிய காலத்தில் ஆண்டவர் முப்பதை ஒட்டிய வயதினர் என்று லூக்கா அங்கே குறித்திருக்கிறார். நற்செய்தியாளர் நால்வரில் அவர் ஒருவரே இந்த வயதைச் சொல்லிவைத்தார்.

ஆகவே இன்றைய மறையுரை முப்பதுகளில் இருப்பவர்களுக்கு. மற்றவர்களும் கேளுங்கள். உங்கள் மகனோ மகளோ மருமகளோ அந்த வயதில்தான் இருப்பார்கள். ஒரு பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி உண்டு, இளைஞர்களுக்கு இளைஞர் இயக்கம் உண்டு, மூத்தவர்களுக்கு மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் உண்டு. முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கிறவர்களைத் தேடித் திருவிழா வரிக்கு ஆள் போவதுண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆள் போவது குறைவு.

யோர்தான் கரையில் அன்று யார் யார் நின்றார்கள் என்பதை லூக்காவே சொல்கிறார். வரி தண்டுவோர் நின்றார்கள். படைவீரர்கள் நின்றார்கள். பொதுமக்கள் கூட்டமாக நின்றார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று திருமுழுக்கு யோவானிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு குறை இருந்தது, மறைக்க ஒரு கதையும் இருந்தது. அந்த வரிசையில் நாசரேத்துத் தச்சரும் வந்து நின்றார்.

அக்காலத்து யூதர்களுக்கு முப்பது வெறும் எண் அல்ல. சந்திப்புக் கூடாரப் பணிக்கு லேவியரை முப்பது வயதிலிருந்து கணக்கெடுத்தார்கள் என்கிறது எண்ணிக்கை நூல். தாவீது அரசரானபோது வயது முப்பது. யோசேப்பு பார்வோன் முன்னால் நின்றபோதும் முப்பது. ஒருவன் ஆளாகிப் பொறுப்பேற்று ஊருக்கு முன் நிமிர்ந்து நிற்கிற வயது அது. அந்த வயதில் ஆண்டவர் ஊரறிய முதலில் செய்த காரியம், பாவிகளோடு வரிசையில் நின்றது. அவரிடம் பாவம் இல்லை, ஆனாலும் நின்றார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருப்பார்கள். இவனுமா இங்கே என்று சிலர் பேசியிருக்கவும் கூடும். அதற்காக அவர் இருட்டிய பிறகு வரவில்லை, ஆள் இல்லாத துறையைத் தேடிப் போகவுமில்லை.

தந்தையின் குரல் எப்போது கேட்டது என்பதையும் கவனியுங்கள். அதுவரை ஆண்டவர் ஒரு புதுமையும் செய்யவில்லை. ஒரு சீடரையும் அழைக்கவில்லை. மலைப்பொழிவு இன்னும் வரவில்லை. முப்பது வயது வரை மரவேலை செய்தவர் என்பதைத் தவிர ஊருக்குக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. அந்த வேளையில்தான், தண்ணீரிலிருந்து வந்து செபித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, நீ என் அன்பு மகன், உன்மேல் எனக்குப் பெருமகிழ்ச்சி என்ற பொருளில் வானிலிருந்து குரல் வந்தது. சாதித்த பிறகு கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொள்ள வழியில்லை.

நம் ஊரில் முப்பது வயதுக்காரரிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. செட்டில் ஆகிவிட்டாயா? வேலை நிரந்தரமா, வீடு கட்டியாயிற்றா, கல்யாணம் எப்போது, விசேஷம் ஏதும் உண்டா, அடுத்தது எப்போது. கேட்பவர் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டுப் போய்விடுவார். கேட்கப்பட்டவர் அன்று இரவு முழுவதும் அதைச் சுமப்பார். கூடப் படித்தவன் புதுமனை புகுவிழாப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். தன்னைப் பார்த்தால் மாதத் தவணை இன்னும் பதினாறு வருடம் பாக்கி. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும். பிள்ளைக்கு எல்.கே.ஜி. கட்டணம் கட்ட வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் இதில் எதையும் வெளியே சொல்வதில்லை.

முப்பதுகளில் வருகிற துன்பங்களைவிட, அவற்றை மூடி வைப்பதுதான் நம் குடும்பங்களை அதிகம் உடைக்கிறது. பங்குப் பணியில் நான் பார்த்தவற்றிலிருந்து இதைச் சொல்கிறேன். நகை லாக்கரில் இருக்கிறது என்று மனைவி நம்பிக்கொண்டிருப்பாள். அது அடகுக்கடையில் இருக்கும். குழுக்கடன் நான்கு இடத்தில் வாங்கியதைக் கணவனிடம் சொல்லாமல் வாரந்தோறும் வசூலுக்கு வருபவரைச் சமையலறை வாசல் வழியாக அனுப்பிக்கொண்டிருப்பாள் இன்னொருத்தி. வேலை போய் மூன்று மாதம் ஆகியிருக்கும். காலையில் வழக்கம்போல் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பான் ஒருவன். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவன், தினமும் குடிக்கிறவன், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகிறவள். வெளியில் இருந்து பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். நிலைப்படிக்கு அடித்த பெயின்ட் அப்படியே பளபளக்கும், உள்ளே கரையான் தின்றுகொண்டிருக்கும்.

வருகிற 14-ஆம் தேதி புனித தேவசகாயத்தின் திருநாள். முப்பதுகளைப் பற்றிப் பேச இவரைவிடப் பொருத்தமான புனிதர் நம் மண்ணில் இல்லை. ஏனென்றால் அவருடைய கிறிஸ்தவ வாழ்வு முழுவதுமே முப்பதுகளுக்குள் நடந்து முடிந்தது.

1712 ஏப்ரல் 23-இல் நட்டாலத்தில் பிறந்தார். பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம், உயர்ந்ததாக மதிக்கப்பட்ட சாதி. மார்த்தாண்ட வர்மர் ஆண்ட திருவிதாங்கூரில், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம். பார்கவி அம்மாளோடு திருமணம். இன்றைய பேச்சில் சொன்னால், செட்டில் ஆனவர். அப்படிப்பட்டவருடைய வீட்டில் முப்பது வயதை ஒட்டி இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. மாடுகள் செத்தன. பயிர்கள் அழிந்தன. உத்தியோகம் அப்படியே இருந்தது, ஊர் மரியாதையும் குறையவில்லை, ஆனால் மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார்.

அதைக் கவனித்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றபோது சிறைப்பட்ட அதிகாரி டிலனாய். சிறைப்பட்டபோது அவருக்கு வயது 25. மன்னர் அவருடைய திறமையைப் பார்த்துத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். நீலகண்டனைவிட மூன்று நான்கு வயது இளையவர். போரில் தோற்றவர், வந்த நாட்டிலேயே கைதியானவர், பிறந்த ஊர் திரும்பாமல் இங்கேயே மறைந்தவர். இழப்பு என்றால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நீலகண்டன் அவரிடம் வாய் திறந்தார். அரண்மனை அதிகாரி ஒருவர் அந்நியக் கைதியிடம் என் வீட்டில் இப்படி நடந்துவிட்டது என்று சொல்வது லேசான காரியமா? அன்றைய சமூகத்தில் அதற்கு எவ்வளவு இறங்கி வர வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிலனாய் பதிலுக்கு யோபுவின் கதையைச் சொன்னார். மாடு, ஒட்டகம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபுவின் கதை. அங்கிருந்துதான் நீலகண்டன் கிறிஸ்துவைத் தேடத் தொடங்கினார். வடக்கன்குளத்தில் 1745 மே 14-இல் இயேசு சபைக் குரு புட்டாரி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். தேவசகாயம் என்று பெயரிட்டார். அப்போது வயது 33.

யோபு நூலில் பெரும்பாலும் யாரும் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. நண்பர்கள் மூவர் யோபுவைப் பார்க்க வந்தார்கள். வந்து தரையில் அவரோடு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யோபுவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான் என்பது என் எண்ணம். வாய் திறந்து அறிவுரை சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யார்மேல்? கடவுளிடமே சண்டை போட்ட யோபுமேல் இல்லை. கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்த அந்த மூவர்மேல். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்று கடவுளே சொல்கிறார். ஆகவே, முப்பதுகளில் இருக்கும் தம்பி தங்கைகளே, செபத்தில் அழகாகப் பேசத் தெரியவில்லை, கோபம்தான் வருகிறது என்பதற்காகச் செபத்தை விட்டுவிடாதீர்கள். கோபத்தையே சொல்லுங்கள். ஏன் எனக்கு இப்படி என்று கேளுங்கள். யோபுவின் கேள்விகளை விவிலியத்திலிருந்து யாரும் வெட்டி எடுக்கவில்லை.

திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் எல்லாச் சாதியினரோடும் பழகினார், உட்கார்ந்து உண்டார். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அது சின்ன விஷயம் அல்ல. 1749-இல் கைது செய்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் துன்பப்படுத்தினார்கள். எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் பழைய உத்தியோகமும் மரியாதையும் திரும்பக் கிடைக்கும் என்ற வழி கடைசிவரை திறந்தே இருந்தது.

அந்தத் தண்டனை எப்படிப்பட்டது என்று பாருங்கள். வலி ஒரு பங்கு, அவமானம் பல பங்கு. நாலு பேர் முன்னால் தலை குனிய வைப்பதற்கென்றே யோசித்துச் செய்த தண்டனை அது. நாலு பேருக்குப் பயந்து வாழும் மனிதனை அது ஒரே நாளில் முறித்துவிடும். தேவசகாயத்தை முறிக்கவில்லை. தம் இழப்பை ஏற்கெனவே ஒரு நண்பரிடம் வெளியே சொல்லிவிட்டவர் அவர். யாரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று ஊர் சொன்னதோ, அவர்களோடு உட்கார்ந்தும் விட்டவர். தம் மரியாதையை அவர் கடவுளிடம் கொடுத்திருந்தார். பறித்துக்கொள்ள ஊரிடம் ஒன்றும் மிச்சமில்லை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. அவருடைய உடல் இன்று கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, திருமணமான பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதராக உயர்த்தப்பட்டது அதுவே முதல்முறை.

இங்கே ஒன்றை நான் சொல்லாமல் போகக் கூடாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கட்டிய கோயிலில், சாதிவாரியாக மக்களைப் பிரித்து நிறுத்த நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. இடித்ததற்கு வழக்கும் நடந்தது. கல்லால் கட்டிய சுவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று அந்தச் சுவரை வைத்துக்கொள்வதும் எடுத்துவிடுவதும் யார் கையில் இருக்கிறது? முப்பதுகளில் இருக்கும் உங்கள் கையில். உங்கள் பிள்ளை பள்ளிக்கூட நண்பனை வீட்டுக்கு அழைத்து வரும்போது, அவன் எந்த ஆள்கள், எந்தத் தெரு என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்த ஒரு கேள்வியில் பிள்ளை எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. தம்பிக்கு, தங்கைக்கு வரன் பார்க்கிற பேச்சில் உங்கள் குரலுக்கு இப்போது மதிப்பு வந்திருக்கிறது. இருபதில் உங்களை யாரும் கேட்கவில்லை. அறுபதில் நீங்களே மாற மாட்டீர்கள். தேவசகாயத்தின் சுரூபத்துக்கு மாலை போட்டுவிட்டு இதில் மட்டும் ஊரோடு ஒத்துப் போவது அவருக்குச் செய்யும் துரோகம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

யோசேப்பின் முப்பதுகளையும் கொஞ்சம் பார்ப்போம். தொடக்க நூலை வைத்துக் கணக்குப் போட்டால் அழகாக வருகிறது. கதை தொடங்கும்போது பதினேழு வயது. அதில்தான் அண்ணன்மார் அவரை விற்கிறார்கள். முப்பதில் பார்வோன் முன் நிற்கிறார். அடுத்த ஏழு ஆண்டு விளைச்சல் காலம். பிறகு பஞ்சம். பஞ்சம் தொடங்கி இரண்டு ஆண்டு ஆனபோது அண்ணன்மாரிடம் தம்மை வெளிப்படுத்துகிறார். முப்பத்தொன்பது. அவருக்கும் முப்பதுகள்தான் எல்லாம்.

விளைச்சல் ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்க முடியாத வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீடுகள். அவர்களுக்கு நான் சேமிப்பைப் போதிக்கப் போவதில்லை. வளைகுடாவில் நல்ல சம்பளம் வருகிற வருடங்களில் மாடிக்கு மேல் மாடி எழுப்பி, திரும்பி வருகிற அன்று கையில் ஒன்றுமில்லாமல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் பார்க்க எழுப்பிய மூன்றாவது மாடியில் யாரும் குடியிருப்பதில்லை.

அதைவிட முக்கியமானது முப்பத்தொன்பதாவது வயதில் நடந்தது. யோசேப்பு அண்ணன்மாரை உடனே கட்டிப்பிடித்துவிடவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். பென்யமினுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்தபோதுதான் அவரால் தாங்க முடியவில்லை. மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரண்மனைக்கே கேட்கும்படி ஓவென்று அழுதார். எகிப்தின் ஆளுநர். பதவிக்கு இது பொருந்துமா என்று அவர் யோசிக்கவில்லை.

நம் பங்கில் பாகப் பத்திரம் எழுதிய அன்றோடு பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளில் ஒரே அப்பாவின் கல்லறைக்கு வருவார்கள். இவர் வந்து போன பிறகு அவர் வருவார். ஒரே கல்லறையில் இரண்டு மாலை, இரண்டு கட்டு மெழுகுவர்த்தி. ஏமாற்றியவனை உடனே நம்பிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யோசேப்பும் அப்படிச் செய்யவில்லை. ஆனால் பேசுவதற்கு ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். நாற்பதைத் தாண்டினால் அந்தக் கோபம் பிள்ளைகளின் சொத்தாகிவிடும். ஏன் பேசுவதில்லை என்று தெரியாமலே பெரியப்பா மகனோடு பேசாமல் வளரும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, என்ன செய்வது? கணவன் மனைவிக்குள் மறைத்து வைத்த கடன் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தொகையோடு சொல்லுங்கள். பாதி சொல்லிப் பாதியை மறைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சண்டை வரும், வரட்டும். வசூல்காரர் வாசலில் வந்து நின்று சொல்லும்போது வருகிற சண்டையைவிட அது நல்லது. கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எனக்கு அன்றே தெரியும் என்று தொடங்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் பேசுவதற்கு முன்பு செய்ததைச் செய்யுங்கள். கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள்.

குடியை நிறுத்த முடியாதவர்கள் தனியாகப் போராட வேண்டாம். என் பெயர் இன்னது, நான் குடிக்கு அடிமை என்று நாலு பேர் முன்னால் சொல்வதிலிருந்துதான் ஏ.ஏ. எனும் குடிமீட்புக் குழுக்களில் பலருக்கு விடிந்திருக்கிறது. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு வருகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலியா இறைவாக்கினர் சூரைச் செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது, கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. வானதூதர் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்து எழுப்பினார். மறுபடி தூங்க விட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்.

உடம்பையும் கவனியுங்கள். முப்பது வயது கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். பரிசோதித்தால் ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயத்தில் போகாமல் இருக்கிறவர்கள் பலர். இதுவும் ஒரு மூடி வைத்தல்தான்.

திருமணமாகாமல் முப்பதைக் கடந்தவர்களே, பிள்ளை இல்லாத தம்பதியரே, நீங்கள் வாழ்வைத் தொடங்கக் காத்திருக்கிறவர்கள் இல்லை. உங்கள் வாழ்வு இப்போதே முழுமையாக நடந்துகொண்டிருக்கிறது. தந்தையின் குரல் யோர்தானில் கேட்டபோது ஆண்டவருக்கும் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை. பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். கோயில் முற்றத்தில், கல்யாண மண்டபத்தில், அன்பியக் கூட்டத்தில் அவர்களிடம் விசேஷம் உண்டா என்று கேட்பதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே திருவிழாவுக்கு ஊருக்கு வராமல் இருக்கும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அக்கறை உண்மையானால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா என்று கூப்பிடுங்கள்.

பார்கவி அம்மாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவரைத் தொடர்ந்து அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கைதானபோதும் எருமைமேல் போனபோதும் இந்தப் பெண் எப்படி வாழ்ந்தார் என்று வரலாறு அதிகம் எழுதிவைக்கவில்லை. சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்துக்கு வந்து, கணவர் போன பிறகும் அங்கேயே விசுவாசத்தில் நிலைத்திருந்தார். அவரை ஏற்றுக்கொண்டு வைத்திருந்தது அந்த ஊர் இறைமக்கள். துணையை இழந்த, துணையால் கைவிடப்பட்ட இளம்பெண்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் அப்படி எத்தனை வீடு என்று பார்த்து, அடுத்த கூட்டத்தை அவர்களில் ஒருவர் வீட்டில் வையுங்கள், அவர்கள் விரும்பினால். செலவை அன்பியம் பார்த்துக்கொள்ளட்டும்.

திருப்பலி முடிந்ததும் நான் ஒப்புரவு அருளடையாளத்துக்காக உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமை மாலைகளிலும் இருப்பேன். பத்து வருடமாக வரவில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்கிறவர்கள் அந்த வார்த்தையிலேயே தொடங்கலாம். மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தயங்க வேண்டாம். ஆண்டவரே வரிசையில் நின்றார்.

இப்போது நம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கப் போகிறோம். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். வெளியே பூவரசு மரத்தடியில் பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கும் தம்பிகளே, உங்களில் பெரும்பாலோர் இந்த முப்பதுகளில் இருக்கிறவர்கள். இங்கே முன் வரிசைகளில் இடம் இருக்கிறது. உள்ளே வாருங்கள், நீங்கள் வரும்வரை காத்திருக்கிறேன்.